இடது கைக்கு ஒன்று

கடைக்காரர் பச்சை வெல்வெட் துணியை மேசைமேல் விரித்து அதில் மூன்று கைத்துப்பாக்கிகளை வரிசையாக வைத்துவிட்டு, "எடுத்துப் பாருங்கய்யா, பிடிச்சாத்தான் தெரியும், இது செருப்பு மாதிரிங்க, அடுத்தவங்க அளவு நமக்கு ஆகாது" என்றபோது சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது, செருப்பென்று சொன்னதற்காக இல்லை, எடுத்துப் பாருங்கள் என்று இவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டாரே என்று. எந்தக் கையால் எடுப்பது? வலது கை தோள்துண்டுக்கு அடியில் மடியில் கிடந்தது. இருபத்தெட்டு வருசமாக அது அங்கேதான் கிடக்கிறது. துண்டில்லாமல் அவர் வாசல் தாண்டுவதில்லை. மகள் கல்யாணத்தில் கூட பட்டுத்துண்டைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தாரை வார்த்தார். கோயிலில் இடது கையை நீட்டித் திருநீறு வாங்கினால் குருக்கள் முகம் சுளிக்கிறார், புதுசாக வந்த குருக்கள், அவருக்குக் கதை தெரியாது. மளிகைக் கடையில், பந்தியில், துக்க வீட்டில், எங்கே போனாலும் இடது கையை நீட்டும் முன்னால் ஒரு நொடி தயங்க வேண்டியிருக்கிறது. அந்த ஒவ்வொரு நொடியையும் அவர், ஒரு காலத்தில் கூட வேலை செய்த அர்த்தநாரி பேரில் எழுதி வைத்திருந்தார். எழுதப் படிக்க அவருக்கு அவ்வளவாக வராது, மூணாவதோடு சரி, ஆனால் இந்தக் கணக்கு மட்டும் மனசில் அடி விடாமல் ஏறிக்கொண்டே வந்தது. கடைசியில் துண்டை விலக்கி வலது கையை எடுத்து வெல்வெட்டின் மேல் வைத்தார். மோதிர விரலும் சுண்டு விரலும் அடியோடு இல்லை. நடுவிரல் இருக்கிறது, வளையாது. கடைக்காரர் பார்த்தார், முகத்தில் ஒன்றையும் காட்டிக்கொள்ளவில்லை. நல்ல வியாபாரி. வெளியே ஈரோட்டு வெயிலில் பஸ்கள் ஆரன் அடித்தபடி போயின. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் டிரைவர் வையாபுரி காரின் மேல் சாய்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான்.

"மிசினுங்களா?" என்று கேட்டார் கடைக்காரர். போர் வண்டி என்றார் இவர். திருச்செங்கோடு என்று சொல்லியிருந்ததால் அவருக்கு அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஊரில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரியில் வேலை செய்து விரலைக் கொடுத்தவர்கள் தெருவுக்கு ஒருவர் உண்டு. ஆனால் கொடுத்தவர்கள் வேறு, பறிகொடுத்தவர் வேறு. இவருடையது அர்த்தநாரி பறித்தது. வேண்டுமென்றே பறித்தது. கடைக்காரர் மூன்றில் சிறியதை எடுத்து அடியிலிருந்து குண்டுக்கூட்டை உருவி, மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து உள்ளே காட்டினார். "காலி. நான் சொன்னேன்னு நம்பாதீங்க, நீங்களே பாத்துக்கங்க. எப்பக் கையில வாங்கினாலும் முதல்ல இதைத்தான் பாக்கணும்." இவர் பார்த்தார். இருட்டான ஒரு ஓட்டை. நிலத்தில் போடும் துளையை மேலிருந்து குனிந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும், முந்நூறு அடிக்குக் கீழே ஒன்றும் தெரியாது, தண்ணீர் இருக்கிறதா என்று கல்லைப் போட்டுக் கேட்க வேண்டும். இதில் எதைப் போட்டுக் கேட்பது. துப்பாக்கி லைசென்ஸ் கையில் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறேன், சம்சாரம் போய்ச் சேர்ந்துவிட்டாள், திருட்டுப் பயம், என்று மனுக் கொடுத்திருந்தார். போலீஸ் வந்து விசாரித்தது, ஆர்.ஐ. வந்தார், டாக்டர் சான்று வாங்கினார். டாக்டர் கூட இடது கையைத்தான் பிடித்து அழுத்திப் பார்த்தார். ஆயுதம் வாங்க வேண்டிய கெடு இந்த மாசத்தோடு முடிகிறது. இத்தனை நாள் வாங்காமல் இருந்ததற்குக் காரணம், அர்த்தநாரி வடக்கே இருந்தான். இரண்டு மாசத்துக்கு முன்னால் வந்துவிட்டான். அறுபது வயதில், ஒரு டிரங்குப் பெட்டியோடு, பிறந்த ஊரில் சாக வந்திருக்கிறானாம். தினமும் காலையில் பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடி கிளாசை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக் குடிக்கிறான். பத்து விரல். சென்னியப்பன் காரை நிறுத்திவிட்டு எண்ணிப் பார்த்திருக்கிறார்.

"வலது கையில வச்சுப் பாக்கலாங்களா? சின்னதுல ஒரு வசதி, பிடி குட்டையா இருக்கும், நல்ல கை இருக்கிறவங்களுக்கே சுண்டு விரலுக்கு இடம் இருக்காது, கீழே தொங்கும்" என்றார் கடைக்காரர், தேறுதல் சொல்வது போல. சிரிப்பு வந்தது சென்னியப்பனுக்கு. சுண்டு விரலுக்கு இடமில்லாத துப்பாக்கி. எனக்கென்றே செய்திருக்கிறான் பார். பிடித்தார். சில்லென்றிருந்தது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதைக்குள் அதன் முதுகு வந்து பொருந்த வேண்டும், எவ்வளவு மேலே ஏற்றிப் பிடிக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று கடைக்காரர் அவர் கையைத் தொட்டுத் திருப்பி வைத்தார். சுடுவதற்கு இழுக்கும் குதிரைமேல் ஆள்காட்டி விரலின் முதல் ரேகை வரைக்கும் வந்து படிய வேண்டுமாம். நுனி மட்டும் எட்டினால் கை அளவுக்குத் துப்பாக்கி பெரிசு, இழுக்கும்போது பக்கவாட்டில் கோணும். ரேகை தாண்டி உள்ளே போனால் துப்பாக்கி சிறிசு. இவருக்குச் சரியாகப் படிந்தது. ஆனால் பிடியைச் சுற்றி வந்து இறுக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. வளையாத நடுவிரல் குச்சி போல வெளியே நின்றது. கடைக்காரர் குழலின் நுனியை ஒரு விரலால் இலேசாக மேலே தட்டினார், துப்பாக்கி கைக்குள் அப்படியே சுழன்று கூரையைப் பார்த்தது. "பாத்தீங்களா. முதல் குண்டு போகும். அந்த உதைப்புல ரெண்டாவதுக்குள்ள கையில திரும்பிக்கும்." ஒன்று போதும், என்று சென்னியப்பன் நினைத்தார். நினைத்ததும் வாய்விட்டுச் சொல்லிவிட்டோமோ என்று கடைக்காரர் முகத்தைப் பார்த்தார், அவர் இரண்டாவதை எடுத்துக்கொண்டிருந்தார். ஒன்று போதும். பெஞ்சுக்கு நாலடி. காரிலிருந்து இறங்கி நாலடி நடந்தால் போதும். மாப்ளே என்று கூப்பிட வேண்டும், அவன் நிமிர்ந்து பார்க்க வேண்டும், முதலில் கையைப் பார்க்க வேண்டும், இந்தக் கையை. அதற்கப்புறம் நடப்பதைப் பற்றி அவர் நினைத்ததே இல்லை. நினைப்பு எப்போதும் அவன் நிமிர்ந்து பார்க்கிற இடத்தில் போய் முட்டி நின்றுவிடும், சேற்றில் இறங்கின லாரிச் சக்கரம் மாதிரி அங்கேயே சுற்றும். ஜெயில், மகள், பேத்தி, எதுவும் அதற்குள் வராது.

இரண்டாவது ரிவால்வர். சக்கரத்தில் ஆறு அறைகள். கனம். இதற்குப் பாதுகாப்பு அதிகம், சிக்கிக்கொள்ளாது, ஆனால் இழுப்பு கடுசு, வயசானவங்க விரலுக்குச் சிரமம் என்றார் கடைக்காரர். இழுத்துப் பார்த்தார். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது, நடுவில் கை ஆடியது, டக் என்று விழுந்தது. அந்தச் சத்தம் தாடைக்குள் போய்த் தங்கியது. லீவரும் இப்படித்தான் டக் என்று விழும். போர் வண்டியின் பின்பக்கத்தில் லீவர் வரிசை, அதன் முன்னால் அர்த்தநாரி, காதில் பஞ்சு, தலையில் சாயம் போன துணி. ஒடிசாவில் ஒரு கிராமம், பேர் வாயில் வராது. கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்தில் இருப்பவன் காதுக்குள் கத்தினாலும் கேட்காது, அதனால் போர் வண்டிக்காரனுக்குக் கைதான் வாய். உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் துளை போடும் ராடை இறக்கு. ஆள்காட்டி விரலை மட்டும் நிமிர்த்திக் காட்டினால் சுத்து. விரல்களை மடக்கி முட்டியாகக் காட்டினால் நிறுத்து. திருச்செங்கோட்டுக்காரன் எந்த மாநிலத்துக்குப் போனாலும் இதே பாஷைதான். அன்றைக்கு ராடின் மரையில் கல் சிக்கியிருந்தது. சென்னியப்பன் வலது கையை உள்ளே விட்டு இடது கையைத் தூக்கி நிறுத்து என்று முட்டி காட்டினார். அர்த்தநாரி பார்த்தான். நேராகப் பார்த்தான், அந்தக் கண் இன்னும் ஞாபகம் இருக்கிறது. பார்த்துக்கொண்டே லீவரைத் தள்ளினான். டக். அதற்கு முந்தின நாள் மத்தியானம்தான் முதலாளி வந்து அடுத்த சீசனில் லீவர் சென்னியப்பன் கைக்கு என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டு அவன் சொன்னான், நீதானே மாப்ளே சுத்தச் சொன்னே, விரலை நீட்டுனியே மாப்ளே. பொய். முட்டி காட்டினவனைப் பார்த்து விரல் நீட்டினாய் என்கிறான். ஊருக்கு வந்ததும் இவர் ஒவ்வொரு போர் வண்டி முதலாளி வாசலிலும் ஏறி, வேண்டும் என்றே சுத்தினான், அவன் கையில் லீவரைக் கொடுக்காதீர்கள் என்று சொன்னார். கட்டுப் போட்ட கையைக் காட்டிச் சொன்னார். ஒருத்தரும் கொடுக்கவில்லை. மூணு மாசத்தில் அவன் வடக்கே எங்கேயோ ஓட்டலில் தட்டுக் கழுவப் போனான் என்று கேள்வி. போகட்டும். போனது பத்தாது என்றுதான் இத்தனை வருசமும் இருந்தது.

"ஐயா, நான் சொல்றதைக் கேளுங்க" என்றார் கடைக்காரர். "வலது கையை விட்டுருங்க. இடது கை நல்லாத்தானே இருக்கு. எல்லாத்துக்கும் பழகின கை. அதுக்குப் பாக்கலாம்." மூன்றாவதை நீட்டினார். இரண்டுக்கும் நடுவான அளவு, பிடி கொஞ்சம் நீளம், பின்பக்கம் மெலிசு. இடது கைக்கு என்று சென்னியப்பன் ஒருநாளும் யோசித்ததில்லை. யோசனையில் எப்போதும் வலது கைதான், அவன் கெடுத்த கையே அவனுக்கு நேராக வர வேண்டும், அதில்தான் நியாயம் இருப்பதாகப் பட்டது. இடது கையால் என்றால் அது வெறும் கொலை மாதிரி. ஆனாலும் வாங்கினார். பிடித்ததும், மடிப்புக் கலையாத வேட்டியைக் கட்டினது மாதிரி, எல்லா விரலும் தன்தன் இடத்தில் போய் உட்கார்ந்தன. சுண்டு விரலுக்குக் கூட இடம் இருந்தது. கனமே தெரியவில்லை. தூக்கிக் கண்ணாடி அலமாரியை நோக்கிக் காட்டினார், ஆடவில்லை. பயமாக இருந்தது. இத்தனை நாள் கைக்குச் சேரவில்லை, சேரவில்லை என்று ஏதோ ஒன்று தள்ளிக்கொண்டே வந்தது, இனி அந்தச் சாக்கும் இல்லை. நாளைக் காலையிலேயே போகலாம். நாலடி. "ஐயா, விரல், விரல்! குதிரையில வைக்காதீங்க, சுடறப்பத்தான் அங்க போகணும். மத்த நேரமெல்லாம் விரலை நேரா நீட்டி வெளியே வைங்க" என்று கடைக்காரர் பதறி, அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து நீவி இரும்பின் பக்கவாட்டில் ஒட்டி நீட்டி வைத்தார். சென்னியப்பன் எதிரே அலமாரிக் கண்ணாடியில் தன் கையைப் பார்த்தார். மூன்று விரல் மடங்கி, ஒரு விரல் நீண்டு. ஏதோ உறுத்தியது. என்னவென்று தெரியவில்லை, பல்லிடுக்கில் மாட்டின நார் மாதிரி. மேசை ஓரத்தில், கல்லாவுக்குப் பக்கத்தில், திருஷ்டிக்காகக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் எலுமிச்சம்பழம் ஒன்று போட்டு வைத்திருந்தது. மஞ்சளாக, தண்ணீரில் பெரிதாகித் தெரிந்தது. பார்வை அதிலே போய் நின்றது. அதிலிருந்து கைக்கு வந்தது. மறுபடியும் பழத்துக்குப் போனது. விரலுக்குள் விண்விண் என்று தெறிப்பது போலிருந்தது, நகக்கண்ணில், சீழ் கட்டினால் வருமே அந்தத் தெறிப்பு.

நகச்சுத்து. ஆமாம், நகச்சுத்து வந்திருந்தது. ஒடிசாவில். இடது கை ஆள்காட்டி விரலில். இரண்டு நாள் தூங்கவில்லை, சோறு பிசையும்போது கூட அந்தக் கையை உயரத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டார், வண்டிக்காரர்கள் எல்லாரும் ஆசீர்வாதம் பண்றாரு பாரு என்று கேலி செய்தார்கள். அன்று காலையில் அர்த்தநாரி சந்தைக்குப் போய், பாஷை தெரியாமல் புளிப்புக்கு மூஞ்சியைச் சுளித்துக் காட்டி, ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி வந்தான். அதைக் குடைந்து உள்ளே கொஞ்சம் மஞ்சள் வைத்து, "ஆத்தா வலிக்குதுன்னு கத்தாதடா, ஊர்க்காரனெல்லாம் ஆளைக் கொல்றாங்கன்னு ஓடி வரப்போறான்" என்று சொல்லிக்கொண்டே விரலில் குல்லா மாதிரி சொருகி, துணியால் கட்டிவிட்டான். குளுகுளு என்று இருந்தது. எலுமிச்சை குல்லா போட்ட விரலை எவன் மடக்க முடியும்? இல்லை, மடக்கினேன். மடக்கித்தான் முட்டி காட்டினேன். மூன்று விரலை மடக்கினேன், கட்டை விரலை மடக்கினேன், நாலாவதும் மடங்கிவிட்டது என்று மனசு எடுத்துக்கொண்டது. கை நிறுத்து என்றது. அவன் பக்கத்திலிருந்து பார்த்தவனுக்கு என்ன தெரிந்திருக்கும்? தூசி. புகை. அதற்கு நடுவே ஒரு முட்டி, அதன்மேல் துணி சுற்றின ஒரு விரல், வழக்கத்தை விடப் பெரிசாக, நேராக, வானத்தைப் பார்த்து. அவன் பார்த்துக்கொண்டே தள்ளினான். பார்த்ததால்தான் தள்ளினான். இல்லை. இருக்காது. எலுமிச்சம்பழத்தை அதற்கு முன்னாலேயே கழற்றிவிட்டேன். கழற்றினேனா? ஆஸ்பத்திரியில் நர்சு ஒருத்தி வலது கையைத் துடைத்தபின் இடது கையைப் பார்த்து இது என்ன என்று அவள் பாஷையில் கேட்டாள், துணியை அவிழ்த்தாள், நசுங்கின பழத்தோல் கட்டில்மேல் விழுந்தது. புளித்த வாசம். இத்தனை வருசம் இது எங்கே இருந்தது? வலது கையின் வாசத்துக்கு அடியில் இருந்திருக்கிறது. அவன்தானே சொருகினான், என்று உடனே ஒரு நினைப்பு எழுந்தது, பாம்பு தலை தூக்குவது மாதிரி. சொருகினவன் அவன்தானே, அவனுக்குத் தெரியாதா மடங்காது என்று? அதைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தார். பிடித்துக்கொண்டால் இந்தத் துப்பாக்கியைக் கட்டச் சொல்லிவிட்டுப் போகலாம், எல்லாம் பழையபடி இருக்கும். நினைப்பு கொஞ்ச நேரம் நின்று பார்த்தது, பிறகு கால் இல்லாத பெஞ்சு மாதிரி சாய்ந்துவிட்டது.

அன்றைக்குத் தன் கை எதைக் காட்டியது என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஒரே ஒரு வழி இருந்தது. துப்பாக்கியை வெல்வெட்டில் வைத்துவிட்டு எழுந்து கண்ணாடிக் கதவுக்கு முன்னால் போய் நின்றார். "ஐயா, என்னாச்சுங்க?" என்றார் கடைக்காரர். வையாபுரி பதினைந்து வருசம் போர் வண்டியில் ஏறினவன், அதற்கப்புறம்தான் இவரிடம் டிரைவராக வந்தான். கண்ணாடிக்கு வெளியே பஸ் சத்தத்தில் கூப்பிட்டாலும் அவனுக்குக் கேட்காது. இவர் கண்ணாடியை மோதிரத்தால் தட்டினார், அவன் நிமிர்ந்தான். இவர் இடது கையைத் தலைக்கு மேலே தூக்கினார். மூன்று விரலையும் கட்டை விரலையும் இறுக்கி மடக்கினார். அன்றைக்கு மாதிரியே ஆள்காட்டி விரலை மட்டும் மடக்காமல் விட்டார். மனசுக்குள் நிறுத்து, நிறுத்து, நிறுத்து என்று சொல்லிக்கொண்டே இருந்தார், அது கண்ணாடியைத் தாண்டி அவனுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்பது போல. வையாபுரி கடலைப் பொட்டலத்தைக் கசக்கிப் போட்டான். சரி என்று தலையை ஆட்டினான். கார் கதவைத் திறந்து உட்கார்ந்து, வண்டியைக் கிளப்பி, ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றித் திருப்பி, மூக்கு வீட்டுத் திசையைப் பார்க்கக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"எனக்கு வேண்டாமுங்க" என்றார் சென்னியப்பன். கடைக்காரருக்குப் புரியவில்லை. "இடது கைக்கு அளவெடுத்த மாதிரி இருந்துச்சுங்களேய்யா. இந்த மாசம் விட்டா லைசென்ஸ் போயிரும், இந்த வயசுல மறுபடி குடுக்க மாட்டாங்க." "போகட்டுங்க." தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார் அவர், அந்த டம்ளரைப் பார்க்காமல் இவர் வெளியே வந்தார். காரில் உட்கார்ந்ததும் வையாபுரி, "சுத்தச் சொன்னீங்களேனு திருப்பிட்டேனுங்ணா. வாங்கியாச்சுங்களா?" என்றான். "நான் நிறுத்தச் சொன்னேண்டா." வையாபுரி சிரித்தான். "போங்ணா. விரலைக் கொடிக்கம்பமாட்ட நீட்டிப்போட்டு நிறுத்துன்னா எவன் நிறுத்துவான்?" கார் பள்ளிபாளையம் பாலத்தில் ஏறியது. காவிரியில் பாறைதான் தெரிந்தது. அர்த்தநாரியிடம் சொல்ல ஒரு சொல் கூடச் சரியாக அமையவில்லை. மாப்ளே, தப்பு நடந்து போச்சு. யாருடைய தப்பு? மாப்ளே, ஞாபகம் வந்துச்சு. இப்போதா? துப்பாக்கியோடு போகிற போது அவன் நிமிர்ந்து பார்ப்பது வரைக்கும் ஒத்திகை இருந்தது, இதற்கு அது கூட இல்லை. வீட்டுக்குப் போய்விடலாம், யாருக்குத் தெரியப் போகிறது, அவன் சொன்னதை எவனும் நம்பவில்லை, இனியும் நம்ப மாட்டான், அவனும் இன்னும் எத்தனை வருசம். பாலம் முடிந்தது. "பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு விடு" என்றார். வையாபுரியின் கண் கண்ணாடியில் அவர் மடியைத் தேடியது. "அங்க அந்தாளு இருப்பாருங்களே." "இருக்கட்டும்." "ஒண்ணும் வாங்கலைங்கல்ல?" "வாங்கலைடா, ஓட்டு."

மத்தியானம் ஆகியிருந்தும் அர்த்தநாரி பெஞ்சில்தான் இருந்தான். போகப் போக்கிடம் இல்லாதவன் எங்கே போவான். கார் நின்றதைப் பார்த்ததும் கிளாசைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான், பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். லைசென்ஸ் விவகாரம் ஊருக்கே தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாமலா இருக்கும். கண் இவருடைய இடுப்பையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் ஆற்றாமல் நின்றான். எட்டுப் பத்துப் பேர், பாதிக்கு மேல் போர் வண்டிக்காரர்கள், இரண்டு பேர் பழைய முதலாளிகள், எல்லாரும் இவரைப் பார்த்தார்கள். நாலடி என்று கணக்குப் போட்டிருந்தது தப்பு, நடந்தால் ஏழெட்டு வந்தது. "மாப்ளே" என்றார். இன்னொரு தடவை சொன்னார். அர்த்தநாரி இவ்வளவு கிழவனாக இருக்கிறானே என்று முதல்முறையாகப் பார்த்தார், காரிலிருந்து விரலை எண்ணினாரே ஒழிய முகத்தைப் பார்த்ததில்லை. "நீ சொன்னது நெசந்தான். எலுமிச்சம்பழம் இருந்துச்சு. விரலு நீட்டித்தான் இருந்துச்சு. நாந்தான் சுத்தச் சொன்னேன்." அவன் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். அழுவான் என்று இவர் நினைத்தார், கையைப் பிடித்துக்கொள்வான் என்று கூட ஒரு மூலையில் நினைத்தார். "இதை என்கிட்ட எதுக்குடா சொல்றே" என்றான் அர்த்தநாரி. "எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே. அவங்ககிட்டச் சொல்லு. நீ அன்னைக்குச் சொன்ன மாதிரியே, கையைக் காட்டிச் சொல்லு." சென்னியப்பன் திரும்பினார். பத்து முகங்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. தோளிலிருந்த துண்டை எடுத்து பெஞ்சில் போட்டுவிட்டு, சொல்ல ஆரம்பித்தார்.